றோட்டோரம் படுத்த சனம்

பரமேஸ்வரிக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று மட்டும் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊரில், கொம்யூன் என்கிற நகரசபைக்காக வயோதிபர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பது அவளுடைய வேலை. விடிந்தால் ஒரு கிழவருக்கு மருந்து, ஒரு கிழவிக்குக் காலுறை என்று கொம்யூனின் சின்ன வெள்ளைக் காரில் பண்ணைப் பாதை எல்லாம் திரிவாள். பனியிலும் ஓடுவாள், முன்னால் ஒன்றும் தெரியாத புகாரிலும் ஓடுவாள். இத்தனை வருடத்தில் காரில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதை அவள் அடக்கமாகச் சொல்வாள் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். கேட்காதவர்களுக்கும் சொல்வாள்.

ஆனால் இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வைகாசியில் அவளுக்கு இருந்த கவலை வேறு. கணவர் தவராஜா நித்திரை கொள்வதில்லை. புருசனோடும் பிள்ளைகளோடும் வன்னியில் இருந்த அவருடைய ஒரே தங்கை புவனமலர் மாசி மாதத்தில் கடைசியாகப் பேசினாள். இடம் மாறப் போகிறோம், போன் கிடைக்கிற இடத்திலிருந்து எடுக்கிறேன் என்றாள். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. வைகாசி நடுவில் சண்டை முடிந்துவிட்டது என்று எல்லா நாட்டு வானொலியும் சொன்னது. சண்டை முடிந்தது சரி, மலர் எங்கே என்று ஒரு வானொலியும் சொல்லவில்லை.

மலருக்குப் பாடமாகத் தெரிந்த வெளிநாட்டு நம்பர் ஒன்றே ஒன்றுதான். அது தவராஜா வீட்டு நம்பர். அதனால் மனிதர் அந்தப் போனுக்குக் காவல் நின்றார். வீட்டுப் போனைக் கைத்தொலைபேசிக்குத் திருப்பிவிடலாம் என்று மகள் சுஜீதா ஒருநாள் செய்து காட்டினாள். அன்றைக்கு வந்த ஒரு வெளிநாட்டு அழைப்பு நடுவில் அறுந்தது. அதோடு தவராஜா அந்தக் கதையையே எடுக்கவிடவில்லை. போனுக்குப் பக்கத்தில் சோபாவைப் போட்டு அதில் படுத்தார். படுத்தார் என்பது ஒரு பேச்சுக்குத்தான். கண்ணை மூடினாலும் காதை மூட முடியவில்லை. கிரின்ஸ்டெட்டில் பொழுதுபட்டால் நாய்கூடக் குரைக்காது. அந்த அமைதியில் அவருடைய காது அடிக்காத மணியைத் தேடிக்கொண்டே இருந்தது. குளிர்சாதனப் பெட்டி உறுமி நின்றாலும் துள்ளி எழும்புவார். தொழிற்சாலையில் ஒருநாள் கை மெசினுக்குள் போகப் பார்த்தது. மருத்துவ லீவு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பரமேஸ்வரியை உலுக்கிப் போட்டது அதுவல்ல, வேறொன்று. ஒரு பின்னேரம் போன் அடித்தது. தவராஜா பாய்ந்து எடுத்து, "மலர், மலர், ஐயோ மலர்" என்று ஓலமிடத் தொடங்கினார். மறுபக்கத்தில் இருந்தவர் வாய் திறக்க இடமே கிடைக்கவில்லை. பரமேஸ்வரி பறித்துக் கேட்டபோது, சுகம் விசாரிக்க எடுத்த தொழிற்சாலைப் பொறுப்பாளர் பயந்துபோய் டேனிஷில் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தார். அன்று முழுவதும் அவள் ஒன்றையே யோசித்தாள். மலர் உயிரோடு இருந்து, யாரிடமோ கெஞ்சிப் போன் வாங்கி, இரண்டு நிமிடம் பேசக் கிடைத்தால், அந்த இரண்டு நிமிடத்தையும் இந்த மனிதர் அழுதே முடித்துவிடுவார். எங்கே இருக்கிறாள், யாரோடு இருக்கிறாள் என்று ஒன்றும் தெரியாமல் போன் வெட்டுப்பட்டுப் போகும். போன் வருகிற நேரம் இவருக்குப் புத்தி தெளிவாக இருக்க வேண்டும். அதற்கு நித்திரை வேண்டும்.

மருந்து ஒன்று அவளிடம் இருந்தது. சித்திரையில் கொப்பன்ஹேகனில் பாராளுமன்றத்துக்கு முன்னால் சண்டையை நிறுத்தச் சொல்லி நின்று கத்திவிட்டு வருகிற வழியில், களைப்பு மிகுந்து, நெடுஞ்சாலை ஓரத் தரிப்பிடம் ஒன்றில் காரை நிறுத்தியிருந்தாள். பக்கத்தில் ஒரு குளிர்பெட்டி லொறி நின்றது. உள்ளே இருக்கும் இறைச்சி கெடாமல் இருக்க அதன் மோட்டார் நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் தவராஜா வாயைத் திறந்தபடி விடியும் வரை உறங்கினார். பரமேஸ்வரி அதை மறக்கவில்லை. அங்கே மணி அடித்தாலும் கேட்காது. கேட்காத இடத்தில் காது ஓய்வெடுக்கிறது. டொக்டர் தந்த வில்லையைவிட இது நல்ல மருந்து என்று அவளுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. தன் கெட்டித்தனத்தை எண்ணிக் கொஞ்சம் பூரித்தும் போனாள்.

வைகாசி முடிவில் பின்ஸ என்கிற கிறிஸ்தவத் திருநாள் விடுமுறை வந்தது. டேனிஷ்காரர் எல்லாம் கூடாரத்தையும் பியரையும் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போகிற நாட்கள் அவை. பரமேஸ்வரி ஒரு பயணம் போட்டாள். வடக்கே ஓல்போ நகரத்தில் ஒருவருக்கு வவுனியா முகாமிலிருந்து மாமி பேசியிருக்கிறா. கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் ஹ்விடோவ்ரேயில் யோகம்மா என்ற தூரத்துச் சொந்தக்காரிக்கு, கூடப்பிறந்தவளின் பிள்ளையான பெறாமகன் அதே முகாமில் இருந்து பேசியிருக்கிறான். நேரே போய் விசாரிப்போம், மலரை யாரும் கண்டிருக்கலாம் என்றாள். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. உங்களை நித்திரையாக்கத்தான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னால் எந்த மனிதனுக்கு நித்திரை வரும்?

"போன் வந்தால் ஆர் எடுக்கிறது?" என்றார் தவராஜா.

"சுஜீ நிக்கிறாள்தானே. சோதினைக்குப் படிக்கிறவள் எங்கை போகப்போறாள்?"

"அவள் மலரோடை என்னெண்டு கதைக்கிறது? எங்களோடையே டேனிஷிலைதான் கதைக்கிறாள்."

மேசையில் புத்தகங்களுக்கு நடுவே இருந்த சுஜீதா டேனிஷில் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு தகப்பனுடைய முகத்தைப் பார்த்தாள். "நான் கதைப்பன் அப்பா. போனுக்குப் பக்கத்திலைதான் படுப்பன். நீங்கள் வருமட்டும் குளிக்கவும் மாட்டன்" என்றாள்.

பரமேஸ்வரி நான்கு கேள்விகளை அவளுக்குப் பாடமாக்கினாள். எந்த முகாம், கூட யார், காயம் உண்டா, திரும்ப எப்போது எடுப்பாள். சுஜீதா கண்ணை உருட்டினாள். ஆனாலும் நான்கையும் ஒப்புவித்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். ஓர்ஹூஸ் தாண்டி ஒரு தரிப்பிடத்தில் அவள் காரைத் திருப்பினாள். மற்றச் சனம் லொறிகளுக்குத் தள்ளித்தான் இடம் தேடும். பரமேஸ்வரியோ வரிசையில் நின்ற லொறிகளை ஒவ்வொன்றாகக் காது கொடுத்துக் கேட்டு, நன்றாக உறுமுகிற ஒரு போலந்துக் குளிர்பெட்டி லொறிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"உனக்கென்ன விசரே? உந்தச் சத்தத்துக்குள்ளை ஆர் படுக்கிறது?"

"ஓல்போவுக்கு உவ்வளவு வெள்ளனப் போய் என்ன செய்யிறது? ரொட்டியைச் சாப்பிடுங்கோ."

மனிதர் இரண்டாவது ரொட்டியை முடிக்கவில்லை. முன் இருக்கையைச் சாய்த்துக் கொடுத்து, கம்பளியைப் போர்த்தி, கையிலிருந்த ரொட்டித் துண்டை மெல்ல எடுத்தாள். அவள் பின் இருக்கையில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு அவருடைய குறட்டையைக் கேட்டாள். கலியாணம் செய்த நாளிலிருந்து அந்தக் குறட்டையை ஏசியிருக்கிறாள். அன்றைக்கு அது காதுக்கு இனித்தது.

விடிய லொறி புறப்பட்டுப் போனபோதுதான் தவராஜா எழும்பினார். கக்கூசுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தவருடைய கண்ணில் சிவப்புக் குறைந்திருந்தது. ஓல்போ வீட்டுக்காரர் முகாமில் நடப்பதை எல்லாம் விபரமாகச் சொன்னபோது, இடைமறித்து அழாமல் முழுவதையும் கேட்டார். எந்தப் பகுதி, பெயர் பதிவது எப்படி என்று கேள்வியும் கேட்டார். மலரை அங்கே யாரும் கண்டிருக்கவில்லை. அதையும் தாங்கிக்கொண்டார். பரமேஸ்வரி பாலில்லாத பிளேன்ரீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு புருசனையே பார்த்தாள். ஒரு இரவு நித்திரையே இவ்வளவு செய்கிறதென்றால் இன்னும் இரண்டு இரவு என்ன செய்யாது!

இரவு தங்கிப் போங்கோ என்று ஓல்போக்காரர் சொன்னார்கள். அவள் மறுத்துவிட்டாள். அங்கேதான் வில்லங்கம் தொடங்கியது. எங்கள் சனத்துக்கு எத்தனையோ குறை சொல்லலாம், ஆனால் வீட்டுக்கு வந்தவரைப் படுக்க விடாமல் அனுப்புகிற வழக்கம் இல்லை. மெத்தை இல்லாவிட்டால் நிலத்தில் விரிப்பார்கள், பிள்ளைகளை எழுப்பிக் கட்டிலைக் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டை விட்டுவிட்டு றோட்டோரம் காருக்குள் படுக்கிறவர்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ஒன்று, வீட்டுக்காரரில் ஏதோ குறை கண்டிருக்கிறார்கள். இல்லாவிட்டால் அவர்களுக்குள் ஏதோ பிரச்சினை.

இரண்டாம் இரவு பியூன் தீவில் ஒரு தரிப்பிடத்தில் கழிந்தது. ஞாயிறு மத்தியானம் ஹ்விடோவ்ரே. யோகம்மா நல்லவள், ஆனால் அவள் வாயில் விழுந்த செய்தி காரைவிட வேகமாக ஓடும். பெறாமகன் சொன்னதாக ஒரு விசயம் சொன்னாள். தவராஜாவின் ஊர்ப் பெண்ணொருத்தி இரண்டு பிள்ளைகளோடு அந்த முகாமில் நிற்கிறாள், கால் நொண்டுகிறாள், பெயர் தெரியாது. மலருக்கும் இரண்டு பிள்ளைகள். தவராஜா ஒரு கணம் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தார். அழவில்லை. "அந்தத் தம்பி திரும்ப எடுத்தால் பெயரைக் கேக்கச் சொல்லுங்கோ அக்கா" என்று நிதானமாகச் சொன்னார்.

யோகம்மா அறையைக் கூட்டி, புது விரிப்பு விரித்து, தலையணைக்கு உறையும் மாற்றி வைத்திருந்தாள். பரமேஸ்வரி புறப்பட எழும்பியதும் அவளுடைய முகம் சுருங்கியது.

"ஏன், எங்கடை மெத்தை குத்துமோ?"

"ஐயோ அப்பிடியில்லை அக்கா. போற வழியிலை எங்கையும் நிப்பாட்டிப் படுப்பம்."

"றோட்டிலையோ?"

"ஓம்."

காரணத்தைச் சொல்லியிருந்தால் யோகம்மா இரங்கியிருப்பாள். ஆனால் தவராஜாவுக்கு நித்திரை இல்லை, தலை கலங்கிப் போனார் என்று அன்று இரவே டென்மார்க் முழுவதும் தெரிந்திருக்கும். தன்னைத் திமிர் பிடித்தவள் என்று சொன்னால் சொல்லட்டும், புருசனைப் பற்றி ஒரு சொல் வரக்கூடாது. பரமேஸ்வரி சிரித்துக்கொண்டே காரில் ஏறினாள்.

பெரிய கடற்பாலம், பியூன் தீவு, சின்னப் பாலம் எல்லாம் கடந்து, பிரெடெரிசியாவுக்குக் கிட்ட ஒரு தரிப்பிடத்தில் இன்னொரு குளிர்பெட்டி லொறியோடு ஒட்டி நிறுத்தினாள். இன்னும் ஒரு மணித்தியாலம் ஓடினால் சொந்த வீடு. ஆனால் சொந்த வீட்டில் அந்தப் போன் இருக்கிறது. இன்னும் ஒரு இரவு நித்திரை இவருக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்தாள். டேனிஷ் கோடையில் சூரியன் மறைய மனமில்லாமல் நிற்கும். வெளிச்சம் முகத்தில் அடிக்க அடிக்க, லொறி உறுமலுக்குள் தவராஜா உறங்கிப்போனார்.

அவள் அங்கே கிடந்த மர வாங்கில் அமர்ந்து பிளாஸ்கைத் திறந்தபோது ஒரு நீலக் கார் டயர் கிறீச்சிட வந்து நின்றது. இறங்கியவர் செல்வரட்ணம், தவராஜாவின் தமையன். பிரெடெரிசியாத் துறைமுகத்தில் வேலை செய்கிறவர். அவர் கதைத்தால் பாரந்தூக்கியின் சத்தமும் அமுங்கிப்போகும் என்பார்கள். சின்னப் பாலத்தடியில் தொடங்கி ஒவ்வொரு தரிப்பிடமாகத் தேடி வந்திருக்கிறார். ஒரு கையில் கோபம், மறு கையில் சாப்பாட்டுக் கரியர். சண்டைக்குப் போகிறவரிடமும் இறைச்சிக் கறியைக் கொடுத்து அனுப்பியிருந்தா அவருடைய மனைவி.

"பிள்ளை, உதென்ன கோலம்? கூடப்பிறந்தவன் வீடு காலடியிலை கிடக்க, கக்கூசுக்குப் பக்கத்திலை படுக்கிறியளோ?"

பரமேஸ்வரி பாய்ந்து போய் அவருக்கும் காருக்கும் நடுவில் நின்றாள். "அண்ணை, மெல்லக் கதையுங்கோ."

"ஏன் மெல்லக் கதைக்க? டென்மார்க் முழுக்கக் கதைக்குது. யோகம்மா போன் எடுத்து, உங்கடை தம்பியாக்கள் றோட்டிலை படுத்துத் திரியினம், உங்களுக்குள்ளை ஏதும் கோபமோ எண்டு கேக்கிறா. நான் என்ன மறுமொழி சொல்லுறது? வீட்டிலை மூண்டு அறை சும்மா கிடக்குது!"

"உங்களோடை எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் கேட்டபடியால் சொல்லுறன். உங்கடை வீட்டிலை ரிவி நிக்கிறேல்லை. விடிஞ்சால் பொழுதுபட்டால் ஆக்கள். ஆளுக்கொரு செய்தி, ஆளுக்கொரு சாவு. இவர் அங்கை வந்து கண் மூடுவாரோ? மாசி மாசத்துக்குப் பிறகு இந்த மனிசன் வீட்டிலை ஒரு இரவு ஒழுங்காப் படுக்கேல்லை அண்ணை. இந்த லொறிச் சத்தத்துக்குள்ளைதான் படுக்கிறார். மலர் எடுக்கேக்கை இவர் கதைக்கவேணும். அழுகிற தமையன் அவளுக்கு வேண்டாம். அதுக்குத்தான் நான் றோட்டு றோட்டாக் கொண்டு திரியிறன். ஆர் என்ன சொன்னாலும் எனக்குக் கவலையில்லை."

அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். செல்வரட்ணம் கார்க் கண்ணாடிக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். வாயைத் திறந்தபடி, ஒரு கை கீழே தொங்க, தம்பி உறங்கிக்கொண்டிருந்தார். பெரிய மனிதர் கன நேரம் அப்படியே குனிந்து நின்றார். திரும்பி வந்து வாங்கில் இருந்தபோது அவருடைய குரல் அவருக்கே கேட்காத மாதிரி இருந்தது.

"எனக்கும் தங்கச்சிதானே பிள்ளை. நானும் படுக்கிறேல்லை. அந்த ரிவியை நிப்பாட்டப் பயமாக் கிடக்கு."

பரமேஸ்வரிக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவரும் மலருக்கு ஒரு அண்ணன்தான் என்பதை இத்தனை நாளும் அவள் யோசித்திருக்கவில்லை. கரியரைத் திறந்து அவருக்கே சோற்றைப் போட்டுக் கொடுத்தாள். சாப்பிட்டு முடிந்ததும், "லொறிக்கு மற்றப் பக்கம் இடம் கிடக்கு அண்ணை" என்றாள். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. மனைவிக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டு, காரைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினார். சற்று நேரத்தில் லொறியின் இரண்டு பக்கமும் குறட்டை கேட்டது. லொறிச் சாரதி கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொண்டார்.

காலையில் பரமேஸ்வரியின் கைத்தொலைபேசி நடுங்கியது. வெளியே நல்ல வெயில். அவள் கதவைச் சத்தமில்லாமல் திறந்து இறங்கி, புல்வெளிப் பக்கம் போய்க் காதில் வைத்தாள்.

"அம்மா, மாமி எடுத்தவா."

மகள் தமிழில் சொன்னாள். பரமேஸ்வரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நாலும் கேட்டனான். வவுனியா முகாம்தான். ரெண்டு பிள்ளையளும் கூட இருக்கினம். காலிலை காயம், ஆனால் நடக்கிறா. ஆரின்டையோ போன். இப்ப தண்ணிக்கு லைனிலை நிக்கப் போறா, ஒண்டரை மணித்தியாலத்திலை திரும்ப எடுப்பா. அதுக்குப் பிறகு அந்தப் போன் கிடைக்காதாம். அப்பாவோடை கதைக்கவேணுமாம். அம்மா, மாமா..." அவள் நிறுத்தினாள். "மாமாவைப் பற்றி நான் கேக்கேல்லை. அவவும் சொல்லேல்லை. அப்பாட்டைத்தான் சொல்லுவாபோலை."

"நீ அழுதனியோ?"

"கதைச்சு முடிஞ்ச பிறகு."

என்ர பிள்ளை, என்று பரமேஸ்வரி நினைத்தாள். டேனிஷ்காரி என்று எத்தனை தடவை ஏசியிருக்கிறேன், என்ர பிள்ளை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ச் செல்வரட்ணத்தைத் தட்டி எழுப்பினாள். செய்தி கேட்டதும் அவர் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். நேரே தம்பியின் காரை நோக்கித்தான் போனார். பரமேஸ்வரி அவருடைய கையைப் பிடித்துவிட்டாள். வயதில் மூத்தவரின் கையை அவள் அப்படிப் பிடித்தது அதுவே முதல் தடவை.

"எழுப்பாதையுங்கோ."

"விசரே உனக்கு? தங்கச்சி உயிரோடை இருக்கிறாள்!"

"ஓம். இப்ப எழுப்பினால் வீடு போய்ச் சேருமட்டும் இவர் அழுவார். காரைத் தா, நான் ஓடுறன் எண்டு சண்டை பிடிப்பார். அவள் எடுக்கிற நேரம் இவரிட்டைக் குரல் இருக்காது. படுக்கட்டும். நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறன். நீங்கள் பின்னாலை வாருங்கோ, ஹோனை மட்டும் அடிச்சுப்போடாதையுங்கோ."

செல்வரட்ணம் அவளையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

பரமேஸ்வரி வாழ்நாளில் ஓடிய ஓட்டங்களில் அதற்கு ஈடு எதுவும் இல்லை. பாதுகாப்புப் பட்டியை அவருக்கு மேலால் இழுத்து, சத்தம் வராமல் விரலால் அமர்த்திப் பூட்டினாள். லொறியின் உறுமல் நிற்காமல் இருக்கும்போதே இன்ஜினைத் தொடக்கி, ஒரு உறுமலுக்குள் இன்னொன்றைக் கலந்துவிட்டாள். நெடுஞ்சாலையில் யன்னலை ஒரு விரற்கடை திறந்து காற்றை இரையவிட்டாள். வைலேயில் திரும்பிச் சின்ன றோட்டுக்கு வந்ததும் அமைதி வரப்போகிறது என்று பயந்தாள். அதனால் மேல் கியரில் ஓட வேண்டிய இடத்தில் ஒரு கியரைக் குறைத்தே ஓடினாள். இன்ஜின் முனகியது, தவராஜா உறங்கினார். வட்டச் சந்திகளில் கோப்பை நிறையத் தேத்தண்ணீர் கொண்டுபோகிறவள் மாதிரித் திரும்பினாள். பில்லுண்டைத் தாண்டும்போது விமானம் ஒன்று தலைக்கு மேலால் இறங்கியது. அதை அவள் மனமார வாழ்த்தினாள்.

கிரின்ஸ்டெட் எல்லையில் சிவப்பு விளக்கு மாட்டிவிட்டது. கார் நின்றது. இரைச்சல் தாழ்ந்தது. தவராஜா தலையைத் திருப்பி, கண் திறக்காமல், "வந்திட்டமோ?" என்றார்.

"இல்லை. படுங்கோ."

படுத்துக்கொண்டார். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் செல்வரட்ணத்தின் நீலக் கார் தெரிந்தது. முன்னால் போகிற கார் ஒரு கணம் பிந்தினாலும் ஹோன் அடிக்கிற அந்த மனிதர், விளக்குப் பச்சையான பிறகும், இரண்டு கையையும் ஸ்ரேறிங்கில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

வீட்டு வாசலில் அவள் இன்ஜினை நிறுத்தினாள். அமைதி வந்தது. அடுத்த கணம் தவராஜா விழித்துவிட்டார்.

"இதென்ன, எங்கடை வீடெல்லோ?"

"ஓம். இறங்கிப் போய் முகத்தைக் கழுவுங்கோ. மலர் எடுத்தவள். வவுனியாவிலை, பிள்ளையளோடை இருக்கிறாள். இப்ப திரும்ப எடுப்பாள்."

அவர் அவளைப் பார்த்தார். "ஏன் என்னை எழுப்பேல்லை?" என்று கேட்டார். பிறகு மறுமொழிக்குக் காத்திராமல் உள்ளே போய் முகம் கழுவினார். சுஜீதா துவாயை நீட்டிக்கொண்டு நின்றாள். தலைமுடி எண்ணெய் வழிந்து கிடந்தது. சொன்னபடியே பிள்ளை குளித்திருக்கவில்லை.

போன் அடித்தது. தவராஜா ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டு எடுத்தார். எல்லோருக்கும் கேட்கிற பொத்தானை அமர்த்தினார்.

"மலர். சின்னண்ணை கதைக்கிறன்."

"அண்ணை..." அந்தப் பக்கம் விம்மல். தவராஜா பொறுத்து நின்றார். "அண்ணை, அவர் இல்லை அண்ணை. கடைசி நாளிலை. என்னாலை தூக்கவும் ஏலாமல் போச்சு, விட்டிட்டு வந்திட்டன் அண்ணை..."

செல்வரட்ணம் சுவரைப் பிடித்தார். பரமேஸ்வரி புருசனின் முகத்தையே பார்த்தாள். அந்த முகம் ஒரு கணம் கோணியது. பிறகு நேரானது.

"மலர், வடிவாக் கேள். நீ விட்டிட்டு வரேல்லை. ரெண்டு பிள்ளையளைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாய். அவர் இருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார். விளங்குதோ?"

"ம்."

"பெரியண்ணை இஞ்சை பக்கத்திலை நிக்கிறார். அண்ணி நிக்கிறா. எந்தப் பகுதி எண்டு சொல்லு. கூடாரத்துக்கு நம்பர் இருக்கோ?" அவள் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். சுஜீதா எழுதினாள். "காலுக்கு மருந்து கட்டினவையோ? சரி. பிள்ளையளை விட்டு அசையாதை. மிச்சம் எங்கடை வேலை. நீ சாப்பிடவேணும், மலர். படுக்கவேணும். கேக்குதோ?"

"கேக்குது அண்ணை. உங்கடை குரலைக் கேட்டது காணும்..."

வெட்டுப்பட்டது. தவராஜா றிசீவரை அதனுடைய இடத்தில் நேராக வைத்தார். ஒரு சொல்லும் வீண்போகவில்லை. கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாயிற்று, சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாயிற்று. பரமேஸ்வரிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இவர் என்ர மனிசன், இப்படிக் கதைக்க வைத்தவள் நான் என்று பெருமைப்பட்டாள். செத்துப்போன மச்சானுக்காக அழுகை வருகிற அதே நேரத்தில் அந்தப் பெருமையும் வந்தது. இரண்டையும் அவள் தடுக்கவில்லை. தவராஜாவின் தோளில் கை வைத்து, "இனி அழுங்கோ" என்றாள்.

அவர் சோபாவில் இருந்து அழுதார். செல்வரட்ணமும் பக்கத்தில் இருந்து தம்பியின் முதுகைத் தடவிக்கொண்டு அழுதார். சுஜீதா தகப்பனுடைய காலடியில் நிலத்தில் இருந்தாள்.

திரும்பவும் போன் அடித்தது. நாலு பேரும் திடுக்கிட்டார்கள். செல்வரட்ணம்தான் எட்டி எடுத்தார். பொத்தான் இன்னும் அமர்ந்தே இருந்தது. ஹ்விடோவ்ரேயிலிருந்து யோகம்மாவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"ஆர், செல்வரட்ணமோ? நல்லதாப் போச்சு. கண்டு கேட்டனீரோ? உங்கடை தம்பியும் மனிசியும் உண்மையாவே றோட்டிலைதான் படுத்தவையோ?"

செல்வரட்ணம் மூக்கை உறிஞ்சினார். துறைமுகத்துக் குரல் திரும்ப வந்தது.

"ஓம். நானும்தான் படுத்தனான். இப்ப போனை வை யோகம்மா, எங்கடை தங்கச்சி எடுத்தாலும் எடுப்பாள்."